படக்கென்று மூடும் மடக்குக் கத்தி: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் வழி

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் கப்பலில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு வரும்போது சாக்லேட் பெட்டியோடு ஒரு மடக்குக் கத்தியோ, குறடு, கத்தி, திருப்புளி எல்லாம் ஒன்றாக மடங்கும் மல்டிடூலோ கூடவே வரும். ஆறு மாதத்தில் உப்புக் காற்று அதன் மூட்டுக்குள் குடியேறிவிடும். பிறகு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மேசைக்கு வந்து சேரும். இப்படிப் பல ஆண்டுகளாகப் பார்த்ததில், முக்கால்வாசிக் கத்திகளுக்கு வெந்நீரும் எண்ணெயும் போதும். மீதியில் சிலவற்றைச் சரி செய்திருக்கிறேன், சிலவற்றைக் கெடுத்திருக்கிறேன். கெடுத்த கதைகளையும் ஆங்காங்கே சொல்கிறேன், நீங்கள் அதே தவறைச் செய்யாமல் இருக்க.

மூன்று சொற்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் பகுதி அலகு. அதன் கைப்பிடிக்குள் இருக்கும் தடித்த முனையை அடிக்கட்டை என்கிறேன். கைப்பிடியின் முதுகில் ஓடி, அடிக்கட்டையை அழுத்திப் பிடிக்கும் எஃகுப் பட்டை முதுகு ஸ்பிரிங்.

## தொடங்கும் முன்

இளஞ்சூடான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி, நாலைந்து ஈர்க்குச்சி, தையல் இயந்திர எண்ணெய், இன்சுலேஷன் டேப், நல்ல வெளிச்சம். இவ்வளவுதான்.

முதலில் எடுக்க வேண்டியது டேப். அலகின் கூர் முழுவதும் மறையும்படி நீளவாக்கில் மடித்து இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். அலகை மூட வேண்டிய வேலை வரும்போது மட்டும் பிரித்தால் போதும். பழுதான கத்தி எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே மேசையில் வைத்திருக்கிறோம்.

## அறிகுறி 1: "பூட்டு உடைந்துவிட்டது, அழுத்தினால் மடங்குகிறது"

என்னிடம் வரும் புகார்களில் இதுதான் அதிகம். பெரும்பாலும் அந்தக் கத்தியில் உடைவதற்குப் பூட்டே இருந்திருக்காது. அலகைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

கைப்பிடியின் உட்புறத்தில் ஒரு மெல்லிய தகடு சாய்ந்து வந்து அடிக்கட்டையை முட்டி நிற்கிறதா? அது லைனர் லாக். அறிகுறி 5-க்குப் போங்கள்.

முதுகில், நடுவிலோ கடைசியிலோ, கட்டைவிரலால் அழுத்த ஒரு பள்ளம் இருக்கிறதா? லாக்பேக். அதற்கும் அறிகுறி 5.

கழுத்தில் சுழலும் உலோக வளையம் இருக்கிறதா? அதற்கும் 5.

எதுவும் இல்லையா? உங்கள் கத்தி பூட்டில்லாத வகை. ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்தி வைத்திருக்கிறது. பிறந்ததிலிருந்தே அது அப்படித்தான்.

ஸ்விஸ் கத்தி என்று நாம் சொல்லும் விக்டோரிநாக்ஸின் சிவப்புக் கத்திகளில், மூடிய நீளம் 58, 84, 91 மில்லிமீட்டர் உள்ளவற்றின் அலகுகளுக்குப் பூட்டு கிடையாது. 111 மில்லிமீட்டர் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. பிரான்சின் ஒப்பினல் கத்திகளுக்கு அளவுக்கேற்ப எண் உண்டு; அதில் 2 முதல் 5 வரையுள்ள சிறிய எண்களுக்கு வளையம் இல்லை, 6 முதல் உண்டு. லெதர்மேன் 1983-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மல்டிடூலில் எந்தக் கருவிக்கும் பூட்டு இல்லை. 1998-இல் வந்த வேவ் மாதிரியில் வெளிப்புற அலகுகளுக்குப் பூட்டு இருக்கிறது.

லண்டனிலிருந்து வரும் உறவினர்கள், "அங்கே கடையில் பூட்டு வைத்ததைக் கேட்டால் யோசிக்கிறார்களே" என்பார்கள். பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மேற்படாத கூர் கொண்ட, பூட்டில்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே பொது இடத்துக்கு எடுத்துப் போகலாம். பூட்டு இருந்தால் தக்க காரணம் சொல்ல வேண்டும். 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்பின் வந்த தீர்ப்பும் அப்படித்தான் சொல்கின்றன. அங்கே பூட்டில்லாத கத்திக்குச் சந்தை இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். விமானத்தில் போகும்போது இரண்டையுமே கைப்பையில் வைக்காதீர்கள், சரக்குப் பையில் போடுங்கள்.

ஆகவே இந்தப் புகாருக்குக் கத்தியில் செய்ய ஒன்றுமில்லை. பிடிக்கும் முறையை மாற்ற வேண்டும். கூரை வைத்து அழுத்தி அறுக்கும்போது அலகு திறக்கும் திசையிலேயே தள்ளப்படுகிறது, ஆபத்தில்லை. ஆபத்து மூன்று இடங்களில்: முனையால் குத்தும்போது, முதுகால் சுரண்டும்போது, மாட்டிக்கொண்ட அலகை ஆட்டி ஆட்டிப் பிடுங்கும்போது.

என் வலது ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. தண்ணீர் கேன் மூடியில் ஒரு துளை போட வேண்டியிருந்தது. கேனை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பூட்டில்லாத கத்தியின் முனையை மூடியில் ஊன்றி அழுத்தினேன். முனை பிளாஸ்டிக்கில் அரை அங்குலம் இறங்கி நின்றது. கை நிற்கவில்லை. மணிக்கட்டு சற்றே கீழே சாய்ந்தது. அலகு இருந்த இடத்திலேயே இருக்க, கைப்பிடிதான் அலகை நோக்கி மடிந்தது, நடுவில் என் விரல். அழுத்தியவனும் நான், மடக்கியவனும் நான். கத்தியில் ஒரு குறையும் இல்லை. மூன்று தையல். துளை போட வேண்டுமென்றால் சூடாக்கிய ஆணியோ திருப்புளியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 2: திறக்கவே வரவில்லை, நகம் உடைகிறது

அழுக்கு. மாம்பழச் சாறு, சட்டைப்பைப் பஞ்சு, மணல் மூன்றும் சேர்ந்தால் சிமெண்ட்தான். சோப்பு கலந்த இளஞ்சூடான நீரில் கத்தியை முழுவதும் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுங்கள். கலங்கல் வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். ஈர்க்குச்சியால் இடுக்குகளைக் கிளறுங்கள். ஊசியால் கிளறினால் பித்தளைத் தகட்டில் கீறல் விழும், கீறலில் அழுக்கு இன்னும் நன்றாகத் தங்கும். நல்ல தண்ணீரில் அலசி, உதறி, எல்லா அலகுகளையும் பாதி திறந்த நிலையில் மின்விசிறிக்கடியில் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு மூட்டுக்கு ஒரு துளி எண்ணெய். ஒரே துளி. இரண்டாவது துளி தூசியைத்தான் கூட்டி வரும்.

எலக்ட்ரானிக்ஸ் உள்ள மாதிரியானால், அதாவது விளக்கு, யூஎஸ்பி போன்றவை இருந்தால், அந்தப் பகுதியைக் கழற்றாமல் தண்ணீரில் போடாதீர்கள். மரக் கைப்பிடிக்கும் முக்கிக் கழுவுவது ஆகாது.

எண்ணெய் தவறானது. வீட்டில் சுலபமாகக் கிடைப்பது தேங்காய் எண்ணெய். தூத்துக்குடியில் அதனால் பெரிய தொல்லை இல்லை. ஒரு நண்பர் அதைப் போட்டுக்கொண்டு டிசம்பரில் கொடைக்கானல் போனார். காலையில் அலகு பசை போட்டதுபோல நகர்ந்ததாம். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும் என்பது நம் எல்லோர் வீட்டுக் குளியலறையிலும் தெரிந்ததுதான், கத்தி என்றால் மறந்துவிடுகிறது. நல்லெண்ணெயும் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகிவிடும்.

துரு. மூட்டின் ஓரத்தில் செம்பழுப்புக் கோடு தெரிந்தால் மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊற வையுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் மூட்டில் மட்டும் சொட்டு சொட்டாக விட்டு, துணி சுற்றி வையுங்கள். மறுநாள் பல்துலக்கியால் தேய்த்து, மெதுவாக அசைத்து, பிறகு முன்சொன்ன சோப்பு நீர்க் குளியல். பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு இருந்தாலும் இதே வைத்தியம். புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாமே என்று என் அத்தை கேட்டார். குத்துவிளக்குக்குத் தேய்க்கலாம். கத்தி மூட்டுக்குள் போன உப்பை வெளியே எடுக்க முடியாது, பழைய துரு போய்ப் புதுத் துரு வரும்.

மரம் ஊதியிருக்கிறது. ஒப்பினல் போன்ற மரக் கைப்பிடிக் கத்திகளில் மழைக்காலத்தில் இது வாடிக்கை. ஈரத்தில் மரம் வீங்கி அலகைக் கவ்விக்கொள்ளும். குறடு போட்டு அலகைப் பிடுங்காதீர்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, கைப்பிடியின் அடிநுனியை மரமேசையில் நாலு தட்டுத் தட்டுங்கள். அலகு சற்றே தலை காட்டும், பிடித்துத் திறந்துவிடலாம். அந்தக் கத்தி பிறந்த பிரான்சின் சவாய் மலைப்பகுதியின் பெயரிலேயே இந்தத் தட்டலுக்கு 'சவாயார் தட்டு' என்று ஒரு பெயர் உண்டு. திறந்தபின் இரண்டு நாள் நிழலில் காய வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் அலகு உட்காரும் பள்ளத்தின் பக்கங்களை மெல்லிய உப்புத்தாளால் இழைத்து, ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள்.

திருகு இறுக்கம் அதிகம். மூட்டில் நட்சத்திரத் தலைத் திருகு இருந்தால் எட்டில் ஒரு பங்கு சுற்று தளர்த்திப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு அசையவில்லையென்றால், கைப்பிடியை மேலிருந்து பாருங்கள். உள்தகடுகள் இணையாக ஓடுகின்றனவா, எங்காவது நெளிந்திருக்கிறதா? வண்டிச் சக்கரத்தில் மாட்டியவை, வைஸில் வைத்து நெரிக்கப்பட்டவை இப்படி நெளிந்திருக்கும். அங்கே நிறுத்திக்கொண்டு, தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி 3: பூட்டில்லாத கத்தியில் முன்பிருந்த விறைப்பு இல்லை

திறந்தால் கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும் அல்லவா, அது மழுங்கிப்போயிருக்கும். அலகை இரண்டு விரலால் தொட்டாலே தொய்யும். இந்தக் கட்டுரையில் நான் மிகவும் பயப்படும் அறிகுறி இதுதான், ஏனென்றால் பூட்டில்லாத கத்தியின் ஒரே பாதுகாப்பு அந்த ஸ்பிரிங்.

பாதி திறந்ததும் ஒருமுறை நின்று பிறகு முழுதாகத் திறக்கிறது என்றால் அது வேறு. அதைப் பழுது என்று கொண்டு வருகிறார்கள். பழைய பாணிக் கத்திகள் பலவற்றில் வேண்டுமென்றே அப்படி ஒரு நிறுத்தம் வைக்கிறார்கள். மூடும்போது அலகு பாதியில் நின்று, விரலை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுக்கிறது. அது நல்ல குணம்.

விறைப்பு உண்மையிலேயே குறைந்திருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் அறிகுறி 2-இல் சொன்ன குளியல். ஸ்பிரிங்குக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் ஒரு மணல் துகள் இருந்தால் போதும், அடிக்கட்டை தன் இடத்தில் முழுதாக உட்காராது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், திறந்த அலகின் அடிக்கட்டைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கீற்றாக ஒளி தெரியக்கூடாது.

குளித்த பிறகும் தொய்வு இருக்கிறது. 91 மில்லிமீட்டர் சிவப்புக் கத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. அதில் பெரிய அலகும் சிறிய அலகும் ஒரே ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருக்கின்றன. அதேபோல டப்பா திறப்பானும் பாட்டில் திறப்பானும் இன்னொரு ஸ்பிரிங்கைப் பகிர்ந்துகொள்கின்றன. பெரிய அலகு தொய்ந்திருந்தால் சிறிய அலகைத் திறந்து பாருங்கள்.

இரண்டுமே தொய்வு: குறை ஸ்பிரிங்கில். நடு ஆணியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கலாம். பூதக்கண்ணாடியால் முதுகைப் பாருங்கள். விரிசலில் பெரும்பாலும் துரு இறங்கியிருக்கும், அதனால் கருங்கோடாகத் தெரியும்.

ஒன்று மட்டும் தொய்வு: அந்த அலகின் அடிக்கட்டை தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் மூட்டு ஆணி தளர்ந்திருக்கிறது. அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அறிகுறி 6.

ஸ்பிரிங் விரிந்துவிட்டது, அடிக்கட்டை தேய்ந்துவிட்டது என்ற இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. ஸ்பிரிங்கைக் கழற்றிச் சூடாக்கி வளைத்துப் போட்டால் விறைப்பு வந்துவிடும் என்று ஒருவர் செய்து காட்டினார். வந்தது, நாலு நாள். சூடாக்கியதில் எஃகின் பதம் போய்விட்டது. அனுப்ப வேண்டிய இடம் சேவை மையம். விக்டோரிநாக்ஸ் தன் கத்திகளுக்குப் பொருள், செய்நேர்த்திக் குறைகளுக்கு ஆயுள்கால உத்தரவாதம் தருகிறது, லெதர்மேன் 25 ஆண்டுகள். தேய்மானமும் தவறான பயன்பாடும் அதில் சேராது. நாமே பிரித்துப் போட்டபின் அனுப்பினால் பேச வாய் இருக்காது.

அதுவரை அந்தக் கத்தியைச் சமையலறை இழுப்பறையில் போடாதீர்கள். யாராவது எடுத்து எலுமிச்சை நறுக்குவார்கள். டேப் சுற்றித் தனியாக வையுங்கள்.

## அறிகுறி 4: மூடினால் முனை வெளியே துருத்துகிறது, அல்லது கூரில் ஒரே இடம் திரும்பத் திரும்ப மழுங்குகிறது

இரண்டும் ஒரே இடத்தைச் சுற்றிய பிரச்சினைகள், ஒன்றுக்கு வைத்தியம் செய்தால் இன்னொன்று வரும். ஆகவே சேர்த்தே சொல்கிறேன்.

அடிக்கட்டையில், கூர் தொடங்கும் இடத்துக்கு அருகே, கீழ்நோக்கி ஒரு சிறு புடைப்பு இருக்கும். மூடும்போது அது ஸ்பிரிங்கின்மேல் போய் உட்கார்ந்து, கூர் ஸ்பிரிங்கைத் தொடாதபடி அலகைத் தாங்குகிறது.

முனை துருத்துகிறதா? பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு உருண்டை, பென்சில் சீவல், ஒருமுறை ஒரு ஆரஞ்சு விதைகூட எடுத்திருக்கிறேன். எடுத்தால் தீர்ந்தது.

உள்ளே ஒன்றுமில்லை என்றால் அடுத்த கேள்வி: முனை எப்போதாவது உடைந்து, சாணை பிடித்துப் புதிதாக எடுத்ததா? வண்டியில் சக்கரம் வைத்துக்கொண்டு தெருவில் வரும் சாணைக்காரர் கூர்ப் பக்கத்திலிருந்து உரசி முனை எடுத்துக் கொடுப்பார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முனை இப்போது முதுகுப் பக்கம் ஏறிவிட்டது, மூடினால் கைப்பிடிக்கு வெளியே நிற்கும். முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்து முனையைக் கீழே இறக்கியிருக்க வேண்டும். நீர் தொட்ட சாணைக்கல்லில் கையால் பொறுமையாகச் செய்தால் இப்போதும் சரி செய்யலாம். சக்கரம் வேண்டாம், அலகின் ஓரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

அவசரக்காரர்கள் செய்யும் இன்னொரு வேலை, அந்தப் புடைப்பை அரம் போட்டுத் தேய்ப்பது. அலகு உள்ளே இறங்கும், முனை மறையும், வேலை முடிந்ததாகத் தோன்றும். நானும் ஒரு கத்தியில் இதைச் செய்திருக்கிறேன். ஒரு மாதம் கழித்து அதன் சொந்தக்காரர் வந்தார்: "நடுவில் மட்டும் வெட்டவே மாட்டேன் என்கிறது." கூர் ஒவ்வொரு முறை மூடும்போதும் ஸ்பிரிங்கில் போய் முட்டிக்கொண்டிருந்தது. தேய்த்ததைத் திரும்ப வைக்க முடியாது.

நடுவில் மழுங்குகிறதா? கூரின்மேல் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு, அலகை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். மை எங்காவது அழிந்திருக்கிறதா? அழியவில்லையென்றால் குறை உங்கள் கையில்: அலகைப் பாதியில் விட்டு, ஸ்பிரிங்கே 'படக்'கென்று இழுத்து மூடட்டும் என்று விடுகிறீர்கள். அந்த வேகத்தில் அலகு தாழ்ந்து முட்டுகிறது. கடைசிவரை விரலால் கொண்டுபோய் மூடுங்கள். மெதுவாக மூடியும் மை அழிந்தால் புடைப்பு தேய்ந்திருக்கிறது, சேவை மையம்.

## அறிகுறி 5: பூட்டு உள்ள கத்தியில் பூட்டு விழவில்லை, நழுவுகிறது, அல்லது விடவே மாட்டேன் என்கிறது

பாதி நம்பக்கூடிய பூட்டைவிடப் பூட்டே இல்லாத கத்தி மேல். பூட்டில்லாததைப் பிடிக்கும் கை எச்சரிக்கையோடு பிடிக்கும், பூட்டை நம்பிய கை அழுத்திக் குத்தும். சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து அதைப் பூட்டில்லாத கத்தியாகவே நடத்துங்கள்.

### லைனர் லாக்

முதலில் தகட்டின் பின்பக்கமும், தகடு முட்டும் அடிக்கட்டையின் முகமும் சுத்தமா என்று பாருங்கள். பஞ்சு இங்கேதான் சேரும். அந்த முகத்தில் எண்ணெய் இருந்தால் தகடு வழுக்கும். மூட்டுக்கு எண்ணெய், பூட்டு முகத்துக்கு எண்ணெய் கூடாது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

பிறகு தகடு அடிக்கட்டையில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்று மேலிருந்து பாருங்கள். கால் பங்கிலிருந்து முக்கால் பங்குவரை இருந்தால் நல்லது. ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் நழுவும். எதிர்ப்பக்கத் தகட்டையே போய் இடித்துவிட்டால் தேய்ந்து முடிந்துவிட்டது.

சோதனை: கூரில் டேப், விரல்கள் எல்லாம் கைப்பிடியின் பக்கங்களில், அலகு மூடும் பாதையில் ஒன்றும் வேண்டாம். அலகின் முதுகை மரப்பலகையில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். தகடு நகர்ந்தால் தோல்வி. முதுகை மேசையில் ஓங்கி அடித்துச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. நல்ல பூட்டையும் அது கெடுக்கும்.

தகடு மாட்டிக்கொண்டு விடவில்லையென்றால், பென்சில் முனையை அந்த முகத்தில் நாலு முறை தேய்த்துப் பாருங்கள். ஆச்சரியப்படும் அளவுக்கு வேலை செய்யும்.

தகட்டைக் குறடால் வளைத்து விறைப்பு ஏற்றலாம் என்று நினைப்பவர்கள், அந்தக் கத்தியை எதிர்காலத்தில் யார் கையில் கொடுக்கப் போகிறார்கள் என்பதையும் யோசிக்கட்டும். அது பழகியவர் வேலை.

### லாக்பேக்

பூட்டுப் பட்டையின் கொக்கி விழும் பள்ளத்தில் அழுக்கு இருந்தால் பட்டை முதுகோடு சமமாக உட்காராமல் சற்று மேலே நிற்கும். விரலால் தடவினால் தெரியும். ஈர்க்குச்சி, சோப்பு நீர். அதன்பிறகும் சமமாகவில்லையென்றால் கொக்கி தேய்ந்திருக்கிறது, அனுப்புங்கள்.

### வளையம்

ஒப்பினலின் இந்த வளையம் 1955-இல் சேர்க்கப்பட்டது. 2000-க்குப் பிறகு வந்தவற்றில் மூடிய நிலையிலும் பூட்டலாம். வளையம் தானாகச் சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தால், கழற்றி அதன் இரு முனைகளையும் ஒரு இழை அளவு நெருக்கி மாட்டினால் இறுகும். அதைக் கழற்ற வளையக் குறடு வேண்டும். வெறும் திருப்புளியால் நெம்பினால் வளையம் பறந்து கண்ணைத் தேடி வரும்.

## அறிகுறி 6: அலகு பக்கவாட்டில் ஆடுகிறது

மூட்டைப் பிடித்திருப்பது திருகு என்றால் நல்ல செய்தி. எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கி, திறந்து மூடி, மறுபடி பாருங்கள். ஆட்டம் நிற்கும் இடமும் அலகு சிக்கும் இடமும் மிக அருகருகே இருக்கும். திரும்பத் திரும்பத் தளர்ந்தால் நீல நிறத் திருகுப் பசை ஒரு பொட்டு. சிவப்பு நிறப் பசை போட்டால் அடுத்தமுறை எளிதில் கழற்ற முடியாது. திருகின் தலைக்குச் சரியான அளவு பிட் இல்லாமல் தொடங்காதீர்கள், தலை வழுவிவிட்டால் கதை முடிந்தது.

ரிவெட், அதாவது திருகு இல்லாமல் தலை தட்டிப் பொருத்திய ஆணி என்றால் சற்று ஆட்டம் இருந்தாலும் விறைப்பு நன்றாக இருக்கும்வரை விட்டுவிடுங்கள். ரிவெட்டின் தலையைச் சுத்தியலால் தட்டி இறுக்கலாம், செய்கிறார்கள். நான் தட்டியதில் ஒரு கத்தியின் ஆட்டம் நின்றது, கூடவே அலகும் நின்றது. ஆட்டத்தோடு விறைப்பும் குறைந்திருந்தால் அது வீட்டில் தீர்வதில்லை.

## அறிகுறி 7: பையில் இருக்கும்போது தானாகத் திறந்துகொள்கிறது

கைவிட்ட இடத்தில் கூர் காத்திருந்தால் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். மூடிய கத்தியை, மடித்த துவாலைக்கு மேலே, அலகு வெளிவரும் பக்கம் கீழே பார்க்கும்படி பிடித்து ஒரு உதறு உதறுங்கள். அலகு அசைந்தால் அன்றோடு அதைப் பையில் போடுவதை நிறுத்துங்கள்.

பூட்டில்லாத ஸ்பிரிங் கத்தி என்றால் அறிகுறி 3-இன் சோதனைகளையே இங்கும் செய்யுங்கள். ஸ்பிரிங்கே இல்லாமல் உரசலில் மட்டும் நிற்கும் கத்திகளும் உண்டு, ஜப்பானின் ஹிகோனோகாமி அந்த வகை. அவற்றுக்கு மூட்டு ஆணியின் இறுக்கம்தான் எல்லாம். ஒருகையால் திறக்கும் லைனர் லாக் கத்தியில், மூடிய அலகைப் பிடித்து வைப்பது தகட்டில் பதித்த ஒரு சிறு குண்டு. அது தேய்ந்தாலோ விழுந்தாலோ அலகு சும்மா தொங்கும். குண்டு போனது என்றால் சேவை மையம்தான்.

## அறிகுறி 8: மல்டிடூலில் ஒன்றை இழுத்தால் மூன்று சேர்ந்து வருகிறது

புதிதில் இது இயல்பு, பழகப் பழகக் குறையும். பழையதில் நடந்தால் அடுக்குகளுக்கு நடுவே அழுக்கு, அறிகுறி 2-இன் குளியல் போதும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: திருப்புளியைத் தேடும்போது கூடவே அலகும் பாதி எழுந்து நிற்கும், கண் அதைப் பார்த்திருக்காது. கருவியை உள்ளங்கையில் வைத்து இழுக்காமல், பக்கங்களை மட்டும் பிடித்து இழுங்கள்.

## கத்தியை விட்டு விரலைப் பார்க்க வேண்டி வந்தால்

சுத்தமான துணியால் வெட்டை அழுத்திப் பிடித்து, கையைத் தோளுக்கு மேலே தூக்கி, பத்து நிமிடம் இடையில் எடுத்துப் பார்க்காமல் வைத்திருங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். நின்றுவிட்டால் ஓடும் தண்ணீரில் கழுவிக் கட்டுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லையென்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

பத்து நிமிடத்தில் நிற்கவில்லை, வாய் பிளந்து நிற்கிறது, விரல் நுனி மரத்திருக்கிறது, அல்லது விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. மடங்கும் கத்தி மூட்டின்மேல்தான் விழும், அங்கே தோலுக்கு அடியிலேயே தசைநாண் ஓடுகிறது. வெட்டு சின்னதாகத் தெரிந்தாலும் நாண் அறுந்திருக்கலாம், நாள் கடந்தால் சேர்ப்பது கடினம். துருப்பிடித்த அந்தக் கத்தியைக் கழுவுவதை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.